இன்னும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் நாள்

ஒன்றுமே தெரியாதவனால் இந்த உலகத்துக்குப் பெரிய கெடுதல் வந்ததில்லை. அவன் பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் "நகருங்க, நான் பாக்கறேன்" என்று சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வருவான். இதை நான் யாரையும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. சட்டைக்கையை மடித்தவனே நான்தான்.

ஆறு மாத கம்ப்யூட்டர் டிப்ளமோ ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, இருபத்து மூன்றாவது வயதில் மலைமேல் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்து ஆபீசில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். சேர்ந்த ஆறே மாதத்தில் அந்த ஆபீசை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் வருஷத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். (பேச்சுக்குச் சொல்லவில்லை. கடைசியில் தேதியோடு பிடிபட்டேன்.)

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறையை ஒட்டி. தென்னையும் நிலக்கடலையுமாகப் பிழைக்கிற ஜனம். என் அம்மாவின் அண்ணன் பழனிச்சாமிக்கு அங்கே பத்துப் பன்னிரண்டு ஏக்கர் தோட்டமும் ஒரே பெண்ணும் உண்டு. பெண்ணின் பெயர் சுமதி. கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரைத் தனியாளாக நடத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் உயிர். நான் டிப்ளமோ படித்ததே அவள் எதிரில் தலைநிமிர்ந்து 'மவுஸ்' என்று சொல்லத்தான்.

மாமாவிடம் அம்மா பேச்சை எடுத்தபோது அவர் மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை போட்டார். "ஜோலி ஸ்திரமாகட்டும். ஸ்திரமான லெட்டரக் கொண்டாந்து என்ற கையில குடுக்கட்டும். பொறவு பேசிக்கலாம்" என்றார். ஸ்திரம் என்றால் எங்கள் ஊரில் நிரந்தரம். மலையாளத்து ஆபீஸ்களில் ஏறி இறங்கி எங்கள் நாக்கில் ஒட்டிக்கொண்ட சொல்.

மாமாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நிலத்துப் பத்திரத்தை நாங்கள் ஆதாரம் என்போம். மாமா வாழ்நாளில் பாதியை ஆதாரம் படிப்பதில் கழித்தவர். வரப்புத் தகராறு ஒன்றில் அவருடைய அப்பா தேதி தவறிய ஒரு காகிதத்தை நம்பிக் கால் ஏக்கரைக் கோட்டைவிட்டிருக்கிறார். அன்றிலிருந்து மாமா எந்தக் காகிதத்தையும் சும்மா படிக்க மாட்டார். முதலில் பின்பக்கம், பிறகு முத்திரை, பிறகு தேதி, பிறகு மூலை முடுக்கு. விஷயத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட அச்சாபீஸ் பெயரிலிருந்துதான் தொடங்குவார்.

தோட்டத்து மேனேஜர் முத்தையா சார் இன்னொரு தினுசு. திருநெல்வேலிப் பக்கத்துப் பூர்வீகம். எழுபத்து நாலில் கிளார்க்காகச் சேர்ந்து மேனேஜர் ஆனவர். ஆபீசும் எழுபத்து நாலிலேயே நின்றுவிட்டது. அதே மேஜை, அதே தேதி முத்திரை, அதே பசை டப்பா. ஏலக்காய் என்பது ஒரு பிடி அள்ளி மடியில் கட்டினால் வெளியே தெரியாத சரக்கு. அதனால் அவருக்கு மூச்செல்லாம் காவல்தான். ஸ்டோருக்கு மூன்று பூட்டு, கேட்டில் சோதனை, காவற்காரன் தூங்குகிறானா என்று பார்க்க இன்னொரு காவற்காரன். "எழுவத்தி நாலுல எல்லாம் இந்தத் தோட்டத்துல ஒரு களவு கெடையாது" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்ததே ஒரு கதை. எறணாகுளத்தில் முதலாளியின் மகன் புதிது வாங்கியதும், பழையதை ஜீப்பில் சாக்குக் கட்டி அனுப்பிவிட்டார். அதில் இருந்த சிஸ்டம் என்னைவிடப் பதினைந்து வயது சின்னது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கம்ப்யூட்டர் வயதில் அது தொண்டு கிழம். அதை உண்டாக்கிய கம்பெனிக்காரனே "இனி ஓட்டை விழுந்தால் அடைத்துத் தர மாட்டேன்" என்று கைகழுவியாகிவிட்டது. நெடுங்கண்டத்திலிருந்து வந்த சர்வீஸ்காரர் எனக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சிஸ்டத்தை மாற்று, மாற்ற வசதியில்லை என்றால் வெளியாள் கொண்டுவரும் எதையும் இதில் செருகாதே, ஆன்டிவைரஸ் மட்டும் போட்டுவிட்டுத் தைரியமாக இருக்காதே, பின்சுவர் இடிந்த வீட்டுக்கு முன்வாசலில் காவல் வைத்த மாதிரிதான் அது என்றார். நான் தலையை ஆட்டினேன். மனதுக்குள் 'இவருக்கு என்ன தெரியும்' என்று நினைத்துக்கொண்டேன். (அவருக்கு இருபது வருஷ அனுபவம். எனக்கு இருபது நாள்.)

அவர் போனதும் முத்தையா சார் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பெட்டிக்குக் காவல் என்னடே?"

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி. என்னிடம் இருந்தது. அதில் ஓர் ஆன்டிவைரஸ், முப்பது நாள் இலவசம். போட்டேன். திரையின் மூலையில் பச்சை நிறத்தில் ஒரு கேடயம் முளைத்தது. அதன்மேல் அம்பை வைத்தால் 'நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள், இன்னும் முப்பது நாள்' என்று எழுத்து வந்தது. சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து புதிய நோட்டு ஒன்றை எடுத்து, கோடு போட்டு, மேலே 'வைரஸ் டியூட்டி' என்று எழுதினார். தினமும் சாயங்காலம் நான் அதில் அன்று பிடிபட்ட வைரஸ் எத்தனை என்று எழுதி, அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் தினமும் பூஜ்யம் எழுதினேன். எனக்கு அதில் பெருமை. ஒரு மாதம் ஆனதும் சார் நோட்டைப் புரட்டிப் பார்த்து மோவாயைத் தடவினார்.

"ஏன் தம்பி, ஒருத்தனுமா வரல?"

"நம்ம காவல் அப்படி சார்."

"முப்பது நாளா ஒருத்தனையும் புடிக்கலைன்னா, அந்தக் காவக்காரன் ஒறங்குதான்னு அர்த்தம்" என்றார்.

அந்த அறையில் கம்ப்யூட்டரைப் பற்றி அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன்.

முப்பது நாள் முடிந்ததும் கேடயம் மஞ்சளானது. பணம் கட்டு என்றது. முதலாளிக்கு எழுதினால் 'இலவசமாக வந்ததை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்' என்று பதில் வந்தது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. கேடயம் நாளை எப்படி எண்ணுகிறது? கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்து. கடிகாரத்தைத் திருப்பி வைத்தால்? ஒரு மாதம் பின்னால் தள்ளினேன். கேடயம் பச்சையானது, இன்னும் முப்பது நாள். நான் ஆபீசைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். அவ்வளவு கர்வம்.

மறு மாதமும் அதையே செய்தேன். அதற்கடுத்த மாதம் சலிப்பு வந்துவிட்டது. மாதாமாதம் எதற்கு இந்த அல்லாட்டம், ஒரேயடியாகப் பின்னால் தள்ளிவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லையே என்று தோன்றியது. களவே இல்லாத எழுபத்து நாலுக்கே கொண்டுபோய்விடலாம் என்று பார்த்தேன். சிஸ்டம் எழுபதுகளுக்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்றுதான் அதன் எல்லை. சரி, அதுவரைக்கும் போ என்று விட்டேன். கேடயத்தில் எழுத்து வந்தது: 'நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள், இன்னும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் நாள்.'

அடேயப்பா, அன்றைக்கு நான் சாப்பிட்ட புரோட்டாவின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

தேதி தப்பாக இருப்பது யாருக்காவது தெரிந்ததா என்றால், இல்லை. சாரின் சட்டப்படி எந்தக் காகிதத்துக்கும் கம்ப்யூட்டர் தேதி செல்லாது. தேதி முத்திரையைக் குத்தினால்தான் அது காகிதம். நான் அடித்துக் கொடுப்பேன், அவர் குத்துவார். உள்ளே எண்பது, வெளியே நடப்பு. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் குடித்தனம் நடத்தின.

இதோடு நின்றிருக்கலாம். நான்தான் ஆயிற்றே, நிற்பேனா? சாந்தன்பாறைக் கடைவீதியில் எனக்கு 'கம்ப்யூட்டர் டாக்டர்' என்று பெயர் வந்துவிட்டது. போட்டோ ஸ்டுடியோ, டைப்பிங் சென்டர், கூரியர் கடை என்று போய் அதே சி.டி.யைப் போட்டு, அதே மாதிரி எண்பதுக்குத் தள்ளி, பச்சைக் கேடயத்தைக் காட்டி, டீ குடித்துவிட்டு வந்தேன். மொத்தம் ஏழு கம்ப்யூட்டர். ஸ்டுடியோக்காரர் எடுத்த கல்யாண போட்டோக்களில் மாப்பிள்ளை பெண் காலடியில் எண்பதாம் வருஷம் என்று அச்சாகி, அந்த வீட்டில் சண்டை வந்ததாகக் கேள்வி. கேமரா கோளாறு என்று நான் விளக்கம் சொன்னேன்.

இன்னொரு மகா காரியமும் செய்தேன். எங்கள் ஆபீஸ் கிழட்டுச் சிஸ்டத்துக்குப் பென் டிரைவ் என்றால் என்னவென்றே தெரியாது. செருகினால் 'இது யார்' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும். அதற்கு இருந்த ஒரே பாதுகாப்பு இந்த அறியாமைதான். நான் பென் டிரைவை அதற்கு அடையாளம் காட்டும் 'டிரைவர்' என்கிற மென்பொருளை எங்கிருந்தோ தேடிப் பிடித்துப் போட்டு அந்தக் கதவையும் திறந்துவிட்டேன்.

நிரந்தரமாவதற்கான ஆறு மாதக் கெடு முடிந்தது. அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போன். பொள்ளாச்சியிலிருந்து கயிறு மில் வைத்திருக்கிற ஒரு வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சுமதியைப் பார்க்க வருகிறார்கள், லெட்டர் அதற்கு முன்னால் வந்தால் மாமா அவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார், வராவிட்டால் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றாள். அன்று வியாழன். முத்தையா சாரிடம் போய் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணக் காரியம்னு மொதல்லயே சொல்லப்பிடாதா? நீயே அடிச்சுக் கொண்டா, ஒப்பு வைக்கேன்" என்றார். கண் கலங்கிவிட்டது எனக்கு.

லெட்டரை நானே இங்கிலீஷில் அடித்தேன். அழகாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரிலேயே தயாராக இருந்த ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டேன். மேலே தோட்டத்தின் பெயர், நடுவில் 'மயில்சாமி இன்று முதல் நிரந்தர ஊழியர்', கீழே கையெழுத்து. சார் கையெழுத்திட்டு, நடப்புத் தேதி முத்திரையை நச்சென்று குத்தினார். அந்த மாதிரிக் காகிதம் தன் பங்குக்கு அடிவிளிம்பில் கடுகு எழுத்தில் ஏதோ ஒரு வரி அச்சடித்திருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

போகிற போக்கில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா போட்டோக்களையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். ஸ்டுடியோக்காரர் கொடுத்தவை. ஒன்றில் நான் மேனேஜருக்குப் பக்கத்தில் பரிவட்டம் கட்டியவன் மாதிரி நிற்பேன். சுமதி பார்க்க வேண்டும் என்று ஆசை.

கிளம்பும்போது சாரிடம் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஊழியர் விவரமெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறது, யாராவது கேட்டால் ஞாபகத்திலிருந்து சொல்லக் கூடாது, பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும், எப்படித் திறப்பது என்று அவருக்கே சொல்லிக் கொடுத்திருந்தேன். சட்டம் என்றால் சாருக்கு உயிர். "அப்படியே செய்யுதேன்" என்றார்.

பூப்பாறையில் பஸ் ஏறி, போடிமெட்டு வளைவுகளில் குடலைத் தொலைத்து, தேனி, பழநி, பொள்ளாச்சி என்று மாறி மாறி சனிக்கிழமை மத்தியானம் கொழிஞ்சாம்பாறையில் இறங்கினேன். நேரே சுமதியின் சென்டருக்குப் போனேன். மாமாவையும் அங்கேயே வரச் சொல்லியிருந்தாள். மாமா முன்பக்க நாற்காலியில் கண்ணாடியோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

லெட்டரை நீட்டினேன். அவர் வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பினார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்தார். எனக்கு அந்த நேரம் தாங்கவில்லை. சுமதி பக்கம் திரும்பி, திருவிழாப் படங்கள் இருக்கின்றன, பார்க்கலாமா என்று கேட்டேன். அவள் பென் டிரைவை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகினாள்.

ஊய்ங் என்று ஒரு சங்கு ஊதியது. ஆம்புலன்ஸ் வந்துவிட்டதா என்று மாமா தெருவை எட்டிப் பார்த்தார். சுமதியின் திரை முழுக்கச் சிவப்பு. ஒன்றன்பின் ஒன்றாக வைரஸ் எண்ணிக்கை ஓடி, நாற்பத்தேழில் வந்து நின்றது. அவள் பென் டிரைவை இரண்டு விரலால் பிடித்து எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தாள்.

"ஏனுங்க மச்சான், உங்க ஆபீசுல ஆன்டிவைரஸே இல்லீங்களா?"

ஒரு மனிதன் வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடம் என்று ஒன்று உண்டு. எனக்கு அது என்றைக்குமே தெரிந்ததில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இருக்குது. இன்னும் ஒம்பதாயிரத்துச் சொச்சம் நாள் பாக்கி இருக்குது" என்றேன்.

சுமதி என்னை ஒரு கணம் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தேகம் வந்து, பிறகு புரிந்து, பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டது வரை எல்லாவற்றையும் நான் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் மாமா காகிதத்தின் அடிவிளிம்புக்கு வந்து சேர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மயிலு, இந்தக் கடைசி வரியப் படி."

படித்தேன். அச்சான தேதி: மார்ச், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.

"நீ எந்த வருசம் பொறந்தே?"

"எம்பத்தி மூணுங் மாமா."

"அப்ப நீ பொறக்கறதுக்கு மூணு வருசம் முந்தியே உன்ற ஜோலி ஸ்திரமாயிருச்சு" என்றார். குரல் உயரவே இல்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மேலே முத்திரையில் இந்த வருஷம், கீழே எண்பது. ஒரே காகிதத்தில் இரண்டு தேதி. மாமாவின் அப்பாவுக்குக் கால் ஏக்கர் போனது இப்படிப்பட்ட காகிதத்தில்தான். நான் கம்ப்யூட்டர் கோளாறு என்று ஏதோ உளறினேன். கோளாறா கள்ளமா என்று உங்கள் மேனேஜரிடமே கேட்டுவிடலாம் என்றார் மாமா. சென்டர் போனிலிருந்து எண்ணைப் போட்டு, எல்லோரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரை வைக்கச் சொன்னார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. முத்தையா சார் தன் கையால் ஒப்பு வைத்தவர். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

மறுமுனையில் சார் எடுத்தார். மாமா தான் யார் என்று சொல்லி, மயில்சாமிக்கு வேலை ஸ்திரமானது உண்மைதானா என்று கேட்டார்.

"ஒரு நிமிசம் இருங்க அண்ணாச்சி. ஞாபகத்துல சொல்லப்பிடாதுன்னு தம்பி சொல்லிட்டுப் போயிருக்கான். பெட்டியப் பாத்துச் சொல்லுதேன்" என்றார்.

ஐயோ என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் முனகும் சத்தம் கேட்டது. நான் செய்து வைத்த பட்டியல் அது. சேர்ந்த தேதியையும் இன்றைய தேதியையும் கழித்துத் தானாகவே சர்வீஸ் போடும். இன்றைய தேதி என்ன என்பதைப் பெட்டியே சொல்லும். ரொம்ப நேரம் கழித்து சார் திரும்பி வந்தார். குரல் குழம்பியிருந்தது.

"அண்ணாச்சி, ஸ்திரமாகுறது இருக்கட்டும். தம்பி இன்னும் வேலைக்கே சேரல. சேர்றதுக்கு இன்னும் இருவத்தாறு வருசம் எட்டு மாசம் கெடக்கு."

மாமா ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தார்.

"வயசு மைனஸ் மூணுன்னு காட்டுது" என்றும் சேர்த்துக்கொண்டார் சார். "அதுபோக, காலைலேர்ந்து ஒவ்வொரு பைலுக்குள்ளயும் அதே பேருல இன்னொண்ணு மொளச்சுக் கெடக்கு. காவக்காரன் பச்சையாத்தான் இருக்கான். என்ன செய்யன்னு தம்பிட்ட கேட்டுச் சொல்லுங்க."

மாமா போனை வைத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொள்ளாச்சிக் கயிறு மில்காரர்கள் வந்து சொஜ்ஜி சாப்பிடுவதை மனக்கண்ணில் பார்த்தேன். அழுகை வந்தது, அதையும் அடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமாக நான் நின்றதே இல்லை.

அப்போது என் பின்னால் ஒரு சத்தம். சுமதி மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தாள். அழுகிறாளோ என்று பயந்து போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினாள். முப்பது நாள் இலவசம், கடிகாரத்தைத் திருப்பியது, எண்பதில் போய் நின்றது, புதுத் திருடர் பட்டியல் வந்து சேராததால் காவலுக்கு வந்தவன் பழைய திருடனை மட்டும்தான் அடையாளம் தெரியும் என்று உட்கார்ந்திருந்தது, பின்வாசல் வழியாகப் புதுத் திருடர்கள் வந்து குடியேறியது வரை. என் டிப்ளமோவில் ஆறு மாதம் சொல்லிக் கொடுத்ததை அவள் ஐந்து நிமிஷத்தில் சொன்னாள். நானும் அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

மாமா எல்லாவற்றையும் கேட்டார். லெட்டரை மறுபடி ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"நானும் எத்தனையோ கள்ள ஆதாரம் பாத்திருக்கறேன். கள்ளம் பண்றவன் தேதிய மட்டும் பாத்துப் பாத்து எழுதுவான். தான் பொறக்கறதுக்கு முந்தின தேதிய எவனும் போடமாட்டான். இவன் கள்ளனில்லை. மக்கு."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ்களில் இதற்கு மேலானது ஒன்றில்லை.

"மக்குன்னா பரவாயில்லீங்களா அப்பா?" என்று சுமதி கேட்டாள். சிரிக்காமல் கேட்டாள்.

"நீதான் கூட இருக்கப் போறவ. நீ சொல்லு" என்றார் மாமா.

அவள் உடனே சம்மதம் சொல்லிவிடவில்லை. மேஜை டிராயரிலிருந்து காசு கொடுத்து வாங்கிய ஓர் ஆன்டிவைரஸ் சி.டி.யை எடுத்து என்னிடம் கொடுத்தாள். நான் எண்பதுக்குத் தள்ளிய ஏழு கம்ப்யூட்டர்களையும் நானே போய் இந்தக் காலத்துக்குக் கொண்டுவர வேண்டும், வைரஸை அகற்றிக் கொடுக்க வேண்டும், ஆபீஸ் சிஸ்டத்தை மாற்றாமல் அதில் இனி ஒரு பென் டிரைவும் செருகக் கூடாது என்றாள். ஒவ்வொரு கடைக்காரரிடமும் வேலை முடிந்தது என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வர வேண்டும் என்பதை மாமா சேர்த்துக்கொண்டார். அது வரைக்கும் பொள்ளாச்சிக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லி வைப்பதாகச் சொன்னார்.

ஏழு கடை ஏறி இறங்கினேன். ஸ்டுடியோக்காரரிடம் கன்னத்தில் அறை வாங்காமல் தப்பியது அவர் என்னைவிடக் குள்ளம் என்பதால்தான். முத்தையா சார் விஷயத்தைக் கேட்டுக் கோபப்படவே இல்லை. "அவன் ஒறங்குதான்னு நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றார். கம்ப்யூட்டரை முதலாளியின் மகனுக்கே சாக்குக் கட்டித் திருப்பி அனுப்பிவிட்டு, நிரந்தர லெட்டரைத் தன் கையாலேயே எழுதி, நான்கு இடத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார். மாமா அதை முக்கால் மணி நேரம் படித்தார். அந்த ஆவணியில் கல்யாணம் நடந்தது.

பிறகு நான் மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டேன். இப்போது சுமதியின் சென்டரில்தான் இருக்கிறேன். அவள் முதலாளி, நான் ஊழியன். (அங்கே என்னைக் கடிகாரத்தின் பக்கத்தில் விடுவதில்லை.)

மாமாவுக்கு எண்பது நெருங்குகிறது. ஆனால் அந்த ஒரு வேடிக்கையை மட்டும் விட மாட்டார். போன தை மாதம் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். திருப்பூரிலிருந்து வந்த புதுச் சம்பந்தி, பனியன் கம்பெனி வைத்திருப்பவர், நல்ல மனுஷன். உங்கள் மருமகன் என்ன செய்கிறார் என்று மாமாவிடம் விசாரித்திருக்கிறார். மாமா முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், "இன்னும் ஜோலில சேரலீங்க. சேர இன்னும் கொஞ்ச வருசம் இருக்குதுங்க" என்றிருக்கிறார்.

அந்த மனுஷன் அதை நம்பிவிட்டார். பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்தி, வருத்தப்படாதீர்கள் என்றார். தன் கம்பெனியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை, கேட்டில் செக்யூரிட்டியாக உட்கார்ந்து உள்ளே வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். "செக்யூரிட்டியா?" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன்.

எதிர் வரிசையில் இலை போட்டுக்கொண்டிருந்த சுமதி நிமிர்ந்து பார்த்தாள்.

"வேற எந்த ஜோலி வேணும்னாலும் குடுங்க அண்ணா, செய்வாரு. காவலுக்கு மட்டும் இவரை வெச்சுராதீங்க" என்றாள்.